நீத்தார் நினைவு

பிறந்தவர் மறைதல் உலகத்து இயற்கை. இதனை அறியாதார் இலர். எனினும் அன்புடையார் ஒருவர் மறையும்போது இந்த அறிவு நெஞ்சுக்குத் துணை நிற்பதில்லை. பிறர் வீட்டில் நிகழ்ந்தபோது பொதுச் செய்தியாக இருந்த சாவு, தன் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது முன்பின் கேட்டறியாத புதுச் செய்தியாகி விடுகிறது. நேற்றுவரை உண்ட தட்டு இருக்கிறது. உடுத்த ஆடை கொடியில் கிடக்கிறது. அமர்ந்த நாற்காலி அதே மூலையில் இருக்கிறது. உரியவர் மட்டும் இல்லை. இந்த வெறுமையை மனிதன் எவ்வாறு தாங்கினான், மறைந்தவரை எவ்வாறு மனத்தில் வைத்துப் போற்றினான் என்பதை எண்ணிப் பார்த்தால், அவனுடைய பண்பாட்டின் வரலாறே அதில் அடங்கியிருக்கக் காணலாம்.

மறைந்தவரை நினைவிற் கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. ஆநிரை மீட்கும் போரில் பட்ட வீரனுக்குக் கல் நாட்டி, அதில் அவன் பெயரும் பீடும் எழுதி, மாலை சூட்டி வழிபட்டனர் பழந்தமிழர். தக்க கல்லைத் தேர்ந்து காண்பது முதல், அதனை நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. இல்வாழ்வான் பேண வேண்டியவரை எண்ணிய திருவள்ளுவர், தென்புலத்தாரை முதற்கண் வைத்தார். தெய்வமும் விருந்தும் சுற்றமும் அவ்வரிசையில் பின்னரே வருகின்றன. தென்புலத்தார் என்பதற்கு மறைந்த முன்னோர் என்று பொருள் கொள்வார் பலர். வாழ்வாரைப் பேணுவது போலவே நீத்தாரை நினைப்பதும் இல்லறத்தின் கடமை என்று கருதிய நாடு இது.

இந்த நாட்டில் வேரூன்றிய கிறித்தவ நெறியும் நீத்தார் நினைவைப் பெரிதும் போற்றுவது. ஆயின், அது சாவை நோக்கும் பார்வையில் ஒரு தனித்தன்மை உண்டு. தமிழ்க் கிறித்தவர் தம் உறவினரின் மறைவை அறிவிக்கும்போது, 'இறந்தார்' என்று வெறுமனே கூறுவது அரிது. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பர். 'ஆண்டவரில் இளைப்பாறுகிறார்' என்பர். கல்லறைக் கற்களிலும் இத்தொடர்களையே காணலாம். இவை துன்பத்தை மறைக்கக் கட்டிய இனிய சொற்கள் மட்டும் அல்ல. பண்டைக் கிறித்தவர் தம் இடுகாட்டுக்குக் கிரேக்க மொழியில் இட்ட பெயர், 'துயிலிடம்' என்னும் பொருளுடையது. ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'செமெட்டரி' என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. துயில்கிறவர் ஒருநாள் விழிப்பார். உயிர்த்தெழுதலில் கொண்ட நம்பிக்கை முழுவதும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இதனினும் வியப்பான வழக்கு ஒன்று அக்காலத்தில் இருந்தது. உரோமப் பேரரசின் கொடுமைக்கு ஆளாகிச் சமயத்துக்காக உயிர் துறந்தவரின் இறந்த நாளை, அவர்களுடைய 'பிறந்த நாள்' என்று கிறித்தவர் வழங்கினர். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் ஆயராக இருந்த முதியவர் போலிக்கார்ப்பு நெருப்பிலிடப்பட்டு மாண்டார். அவருடைய எலும்புகளைப் பொன்னினும் அரியனவாகப் பொறுக்கியெடுத்து அடக்கம் செய்த அவ்வூர்ச் சபையார், ஆண்டுதோறும் அந்நாளில் அங்குக் கூடி, அதனை அவருடைய பிறந்த நாளாகக் கொண்டாட உறுதி பூண்டனர். உலகம் முடிவு என்று கண்ட நாளை அவர்கள் தொடக்கம் என்று கண்டனர்.

உயிர் துறந்த சான்றோருக்கு இவ்வாறு நாள் இருந்தது. புகழ் பெறாத எளிய மக்களுக்கு நாள் எது? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவராக இருந்த ஒதிலோ என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். நவம்பர் 1ஆம் நாள் அனைத்துப் புனிதரையும் போற்றும் திருநாள். அதற்கு மறுநாளை, இறந்த நம்பிக்கையாளர் அனைவருக்கும் உரிய மன்றாட்டு நாளாகத் தம் மடங்களில் கடைப்பிடிக்கச் செய்தார். அவ்வழக்கம் மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. அதுவே தமிழ்நாட்டில் 'கல்லறைத் திருநாள்' என்று வழங்குகிறது. ஊரில் பெயர் பெற்றவர், பெறாதவர் என்னும் வேறுபாடு அன்று இல்லை. நினைப்பதற்கு ஓர் உறவும் இல்லாதவர்க்காகவும் அன்று வேண்டுதல் எழுகின்றது.

சென்னையின் தென்பால், திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையே பாலவாக்கத்தைக் காண்பர். ஒரு புறம் வங்கக் கடல். கரையில் மீனவர் குப்பம். சாலையின் இரு மருங்கும் பெருகி நிற்கும் வீடுகளும் கடைகளும். 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரில் பல சமயத்தாரும் கலந்து வாழ்கின்றனர். கல்லறைத் திருநாளன்று, இத்தகைய ஊர்களிலிருந்து கிறித்தவக் குடும்பங்கள் தம் முன்னோர் துயிலும் இடம் நோக்கிப் புறப்படுகின்றன. சிலர் அடையாற்றின் கழிமுகத்தை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வர். சிலர் கீழ்ப்பாக்கத்துக்கோ காசிமேட்டுக்கோ செல்வர். ஒரு கையில் பூக்கூடை. மற்றொரு கையில் மெழுகுத்திரிப் பொட்டலம். சிறுவர் கையில் துடைப்பமும் தண்ணீர்ப் பாத்திரமும் இருக்கும்.

அஃது ஐப்பசித் திங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். கல்லறைகளைச் சுற்றிப் புல் மண்டிக் கிடக்கும். பொறித்த எழுத்துகளில் பாசி படர்ந்திருக்கும். முதலில் புல்லைக் களைகின்றனர், கல்லைக் கழுவுகின்றனர், வசதியுள்ளோர் முன்னரே ஆளமர்த்திச் சுண்ணம் தீட்டியிருப்பர். பின்னர்ச் சாமந்தியும் சம்பங்கியும் ரோசாவும் பரப்பிச் சிலுவைக்கு மாலை சூட்டுகின்றனர். ஈரக் காற்றில் மெழுகுத்திரி அணைந்து அணைந்து போகிறது. உள்ளங்கையால் காத்து மீண்டும் ஏற்றுகின்றனர். எழுத்துக் கூட்டக் கற்ற சிறுவன் ஒருவன், கல்லில் உள்ள தன் பாட்டனாரின் பெயரை உரக்கப் படிக்கிறான். அவன் பிறப்பதற்கு முன்னரே மறைந்தவர் அவர். அப்பெயரின் பிற்பகுதி தன் பெயரிலும் இருப்பதை அறிந்து அவன் வியக்கிறான். கண்டிராத ஒருவரோடு அவனுக்கு அன்று உறவு தொடங்குகிறது. மாலையில் குருவானவர் வந்து மன்றாடி, கல்லறைதோறும் புனித நீர் தெளிப்பார். பொழுது சாயும்போது தோட்டம் முழுவதும் சிறு சிறு சுடர்களால் நிறைந்து விளங்கும்.

நீத்தாரை நினைக்கும் முறையில் கிறித்தவருள்ளும் வேறுபாடு உண்டு. கத்தோலிக்கர், இறந்தோர் இறைவன் திருமுன் சேர்வதற்கு முன் தூய்மை பெறும் நிலை ஒன்று உண்டு என்று நம்புவர். ஆதலின் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து வேண்டுவர். நவம்பர்த் திங்கள் முழுவதையும் அவ்வேண்டுதலுக்கு உரியதாகக் கொள்வர். சீர்திருத்தச் சபையாருள் பெரும்பாலோர், இறந்தவரின் நிலை இறைவன் கையில் உள்ளது என்று கூறி, அவர் வாழ்ந்த வாழ்வுக்காக நன்றி செலுத்துவதோடு அமைவர். ஒருவர் வேண்டுகிறார், மற்றவர் நன்றி கூறுகிறார். இருவரும் ஒரே தோட்டத்தில் அருகருகே நின்று, ஒரே வகைப் பூவைத் தம் அன்னையின் கல்லறைமீது வைக்கின்றனர். கொள்கை வேறுபட்ட இடத்தும் அன்பு வேறுபடவில்லை.

நம்பிக்கை உடையவர் அழலாமோ என்னும் வினா இவ்விடத்தில் எழும். துயில்கிறவர் விழிப்பார் என்றால் கண்ணீர் எதற்கு? இவ்வினாவுக்கு விடை தருவது பெத்தானியா என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததாக விவிலியம் கூறும் ஒரு நிகழ்ச்சி. இயேசுவின் நண்பர் இலாசரு இறந்து நான்கு நாள் ஆயிற்று. சகோதரியர் மார்த்தாளும் மரியாளும் கதறி நின்றனர். இறந்தவரைத் தாம் எழுப்பப் போவதை இயேசு அறிந்திருந்தார். அறிந்திருந்தும், நண்பரின் கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார். அன்பு எவ்வளவு ஆழமானது என்பதைச் சூழ நின்றோர் அக்கண்ணீரில் கண்டனர். மீட்சியை அறிந்தவரே அழுதார் என்றால், எளிய மாந்தர் அழுவதில் குறை காண்பதற்கு யாருக்கு உரிமை உண்டு?

கண்ணீரைப் போன்றே ஐயமும் துயருற்றாரைச் சூழ்வதுண்டு. அவர்களுக்கு ஆறுதலாகத் தோமையாரின் வரலாறு அமைகிறது. இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவராகிய அவர் பறங்கிமலையில் உயிர் நீத்தார் என்றும், சாந்தோமில் அடக்கம் செய்யப்பெற்றார் என்றும் மரபு கூறும். அவ்விடத்தில் இன்று காணும் பேராலயம் 1896ஆம் ஆண்டில் எழுந்தது. தம் ஆசிரியர் உயிர்த்தெழுந்தார் என்று தோழர் கூறியபோது, கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்று மறுத்தவர் இத்தோமையாரே. அவரை ஆசிரியர் ஒதுக்கிவிடவில்லை. தொட்டுப் பார்க்க அருகே அழைத்தார். இழப்பின் கொடுமையால் நம்பிக்கை தளர்ந்து நிற்பவரும் தள்ளப்படார் என்பதற்கு இது சான்றன்றோ?

அழுகைக்கும் நம்பிக்கைக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தைத் தம் வாழ்விலிருந்தே எழுதி வைத்தவர் அகுஸ்தீனார் என்னும் பேரறிஞர். வட ஆப்பிரிக்காவில் பிறந்த அவர் இளமையில் மனம்போன போக்கில் வாழ்ந்தார். அவருடைய அன்னை மோனிக்கா, மகன் திருந்துவதற்காகப் பல ஆண்டுகள் அழுது மன்றாடினார். கடல் கடந்தும் அவரைத் தேடிச் சென்றார். முடிவில் மகன் மனம் மாறித் திருமுழுக்குப் பெற்றார். இருவரும் தாயகம் திரும்பக் கப்பலை நோக்கி உரோமைக்கு அருகிலுள்ள ஒஸ்தியாத் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது, கி. பி. 387இல், மோனிக்கா காய்ச்சலுற்று இறந்தார்.

அன்னையின் கண்களை மகன் தம் கையால் மூடினார். பெருந்துயர் நெஞ்சில் பொங்கியது. எனினும் நம்பிக்கையுடையார் புலம்புதல் தகாது என்று எண்ணிக் கண்ணீரை வலிந்து அடக்கினார். கதறி அழுத சிறுவன் ஒருவனையும் அங்கிருந்தோர் அமர்த்தினர். அடக்கத்தின்போதும் அவர் அழவில்லை. நீராடினால் துயர் நீங்கும் என்று கேட்டு நீராடினார், நீங்கவில்லை. இரவில் உறங்கி விழித்தபின், தனிமையில், இறைவன் ஒருவனே காண, அடக்கி வைத்த கண்ணீரைப் பெருகவிட்டார். தமக்காக எத்தனையோ ஆண்டுகள் அழுத தாய்க்காகச் சிறு பொழுது அழுதேன். இதனைப் படிப்பவர் என்னை இகழ வேண்டா என்னும் கருத்துப்பட அவர் எழுதியுள்ளார். கற்றுத் தேர்ந்த அந்நாவலருக்கும் அன்று கண்ணீரே மருந்தாயிற்று.

அகுஸ்தீனாரின் துயரினும் நினைக்கத்தக்கது மோனிக்கா இறுதியில் கூறிய மொழி. சொந்த ஊரில் கணவரின் கல்லறை அருகே தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்காக இடமும் ஒதுக்கி வைத்திருந்தார். அயலூரில் சாவு நெருங்கியபோது அவ்விருப்பத்தைத் தாமே கைவிட்டார். இவ்வுடலை எங்கு வேண்டுமாயினும் புதையுங்கள். அதுபற்றி வருந்த வேண்டா. நீங்கள் எங்கிருந்தாலும் இறைவனின் பீடத்தருகே என்னை நினையுங்கள். அதுவே போதும் என்று மக்களிடம் கூறினார். ஊரைவிட்டுத் தொலைவில் இறப்பதற்கு அஞ்சவில்லையோ என்று கேட்டவர்க்கு, இறைவனுக்குத் தொலைவானது எதுவும் இல்லை என்று விடை பகர்ந்தார். கல்லறை வேண்டும் என்று விரும்பிய அன்னை, கல்லறை இன்றியமையாததன்று என்று கண்டு கூறிய வாசகம் அது.

அவ்வாசகத்தின் அருமை பெருநகர வாழ்வில் நன்கு விளங்கும். சென்னை போன்ற நகரில் உயிரோடிருப்பவர்க்கே இடம் அரிது. கல்லறைத் தோட்டங்கள் நிரம்பிவிட்டன. ஒரு குடும்பத்தின் கல்லறையையே உரிய காலம் கழித்து மீண்டும் திறந்து, பாட்டனார் துயின்ற குழியில் தந்தையையும், தந்தை துயின்ற குழியில் மகனையும் அடக்கம் செய்ய நேர்கின்றது. கல்லெழுப்பப் பொருளில்லாத ஏழையின் மண்மேடு சில மழைக்காலங்களில் கரைந்து சமமாகி விடுகிறது. அடுத்த ஆண்டு பூவோடு வருபவர், எங்கே வைப்பது என்றறியாமல் திகைத்து நிற்பதும் உண்டு. கல் ஒன்றே நினைவுக்கு இருப்பிடம் என்றால், ஏழைக்கு நினைவே இல்லை என்றாகிவிடும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் கொடியது. கிறிஸ்துமஸ் திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுமத்திராத் தீவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கியது. சில மணி நேரத்தில் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் மோதியது. தமிழ்நாட்டில் மாண்டவர் ஏறத்தாழ 8,000 பேர். நாகப்பட்டினம் மாவட்டம் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. வேளாங்கண்ணித் திருத்தலத்துக்கு விழாக்கால வழிபாட்டுக்காக வந்திருந்தோர் பலர் கடற்கரையில் மாண்டனர். சென்னையின் கடற்கரைக் குப்பங்களும் தப்பவில்லை. இறந்தோர் பலரைப் பெயர் அறியாமலே ஒரே குழியில் சேர்த்து அடக்க நேர்ந்தது. சிலரைக் கடல் திருப்பித் தரவே இல்லை. அவர்களுடைய பெற்றோரும் மக்களும் எந்தக் கல்லில் பூ வைப்பர்?

ஆண்டுதோறும் அந்நாளில் கடற்கரை மக்கள் கரையில் கூடுகின்றனர், கடலில் பாலை ஊற்றுகின்றனர், மலரைத் தூவுகின்றனர். வேளாங்கண்ணியில் மாண்டோர் நினைவிடத்தில் பல சமயத்தாரும் சேர்ந்து மன்றாடுகின்றனர். அன்று அலையில் மிதந்து செல்லும் மலருக்குச் சமய வேறுபாடு தெரிவதில்லை. இறைவனுக்குத் தொலைவானது எதுவும் இல்லை என்று ஒஸ்தியாத் துறைமுகத்தில் ஒரு தாய் கூறிய மொழி, கடலுக்கு உறவினரைக் கொடுத்தவரின் நெஞ்சுக்கே மிக நெருக்கமாக அமைகிறது.

இழந்தவரை வருத்தும் மற்றோர் அச்சமும் உண்டு. அதனைப் பலர் வெளியில் சொல்வதில்லை. இளமையில் தாயை இழந்த ஒரு பிள்ளைக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல அன்னையின் குரல் நினைவுக்கு வருவதில்லை. முகமும் படத்தில் கண்ட முகமாகவே தோன்றுகிறது. மறந்து விட்டேனே, இஃது அன்புக்குச் செய்யும் துரோகமோ என்று அப்பிள்ளை தனிமையில் கலங்குகிறது. மனித நினைவு ஓட்டைக் கலம்; அது கசியவே செய்யும். கிறித்தவர் தேறுதல் கொள்ளும் இடம் இதுவே. இயேசுவுடன் சிலுவையில் அறையப்பட்ட கள்வன், உயிர் பிரியும் நேரத்தில் செல்வத்தையோ வாழ்நாளையோ கேட்கவில்லை. தன்னை நினைத்தருள வேண்டும் என்றே கேட்டான். அவ்வேண்டுகோள் ஏற்கப்பட்டது. மாந்தர் மறந்தாலும் இறைவன் மறப்பதில்லை என்பது அவர்களுடைய துணிபு. இறைவன் நினைவில் இருப்பவரை மனிதன் தன் நினைவின் வலிமையால் தாங்கிப் பிடிக்க வேண்டுவதில்லை. தன்னால் இயன்ற அளவு அன்போடு நினைத்தால் போதும்.

சமயம் கடந்தும் இத்தகைய நினைவு தழைத்த வரலாறு தமிழகத்தில் உண்டு. செருமானிய நாட்டிலிருந்து 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்சு ஐயர், பின்னாளில் தஞ்சையில் தங்கித் தொண்டாற்றினார். போரும் பஞ்சமும் சூழ்ந்த காலத்தில் பசித்தவர்க்கு அரிசி தேடித் தந்தார். அரசகுமாரர் சரபோசிக்குக் காவலராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் அவர் மறைந்தபோது, சரபோசி வந்து கண்ணீர் சொரிந்து அவ்வுடல்மீது பொன்னாடை போர்த்தினார். அதே ஆண்டில் அரியணை ஏறிய அவர், தம் சமயத்தினின்றும் மாறவில்லை. ஆசிரியரை மறக்கவும் இல்லை. கல்லறைக் கல்லில் பொறிக்க ஆங்கிலத்தில் தாமே செய்யுள் இயற்றினார். ஜான் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு வெண்பளிங்கில் நினைவுச் சிற்பம் ஒன்றும் சமைப்பித்தார். தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் உள்ள அச்சிற்பத்தில், சாவுப் படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் அருகே அரசர் நிற்கிறார். அரசருக்குரிய பெருமிதம் அங்கு இல்லை. மாணவனின் பிரிவாற்றாமையே உள்ளது.

தமிழர் நினைவு கடல் கடந்தும் சென்றது. திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி. யு. போப் 1908ஆம் ஆண்டில் மறைந்தார். ஆக்ஸ்போர்டு நகரில் உள்ள அவருடைய கல்லறைக் கல், குடும்பத்தாரோடு தென்னாட்டுத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தது என்பதை அக்கல்லின் எழுத்தே கூறுகிறது. தம் மொழியை நேசித்தவரைத் தமிழர் மறக்கவில்லை.

பளிங்கும் பொன்னெழுத்தும் மட்டுமே நினைவாகி விடா. உயிரோடிருந்தபோது முதிய தந்தைக்கு ஒருவேளை உணவை முகம் சுளிக்காமல் இடாத மகன், அவர் மறைந்தபின் ஊரார் வியக்கக் கல்லறை எழுப்புவதும் உலகில் காணும் காட்சியே. அக்கல்லின் எழுத்து தந்தையின் புகழைக் கூறாது. மகனின் செல்வத்தையே கூறும். வாழும்போது செய்யாத அன்பைச் சாவுக்குப்பின் கல்லில் செய்துவிட முடியாது. நீத்தாரை நினைப்பதற்குரிய பயிற்சி, வாழ்வாரைப் பேணுவதிலேயே தொடங்குகிறது.

அன்பினால் பிறந்த நினைவோ பிறர்க்குப் பயன்படும் பொருளாக மாறிவிடுகிறது. தமிழ்நாட்டுத் தேவாலயம் ஒன்றில் நுழைந்து பார்ப்பவர், சுழலும் மின்விசிறியிலும், சுவர்க் கடிகாரத்திலும், அமரும் பலகையிலும், 'இன்னாரின் ஞாபகார்த்தமாக' என்னும் எழுத்தைக் காண்பர். எளிய குடும்பத்தார் தம் தாய் தந்தையரின் நினைவாக அளித்தவை அவை. பெயரறியாத ஒருவர் கோடை வெயிலில் வந்து அவ்விசிறியின் கீழ் அமர்ந்து வியர்வை ஆற்றுகிறார். மறைந்த ஒரு தாயின் பரிவு அக்காற்றாக அவர்மேல் வீசுகிறது. நினைவு நாளில் ஆதரவற்ற சிறுவர்க்கு உணவளிக்கும் குடும்பங்களும் பலவாகும்.

வேலூரில் இது பெரிய அளவில் நிகழ்ந்தது. பெண்களுக்கு மருத்துவம் செய்யப் பெண் மருத்துவர் இல்லாமையால் உயிர்கள் மடிவதைக் கண்டு உள்ளம் உருகிய ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் பயின்று 1900ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குத் திரும்பினார். மருத்துவமனை கட்டுதற்குப் பதினாயிரம் டாலர் வழங்கியவர், மனைவியை இழந்த அமெரிக்க வங்கியாளர் ஒருவர். அவ்வம்மையாரின் பெயரால் 'மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை' 1902இல் வேலூரில் எழுந்தது. அவ்விடம் பின்னாளில் கண் மருத்துவத்துக்கு உரியதாயிற்று. மறைந்த ஒரு பெண்மணியின் நினைவால், இந்நாட்டுப் பெண்கள் எத்துணையோ பேர் உயிர் பிழைத்தனர். எத்துணையோ பேர் பார்வை பெற்றனர்.

இவ்வறம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. பாலவாக்கத்துக்கு அண்மையிலேயே, அடையாற்றில், இதற்கு ஒரு சான்று நிற்கிறது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் இளைய தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துன்பம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பல்லாண்டுகள் முயன்று, 1954ஆம் ஆண்டில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கி வைத்தார். ஒரு தங்கைக்காக வடித்த கண்ணீர், முன்பின் அறியாத பல்லாயிரவரின் கண்ணீரைத் துடைக்கும் கையாயிற்று.

பொருளில்லாதவரும் இளைஞரும் செய்யத்தக்க நினைவும் உண்டு. பாட்டியார் கூறிய கதைகளை அவர் உள்ளபோதே கேட்டு எழுதி வைக்கலாம். தந்தையின் கையெழுத்துள்ள கடிதத்தைக் கிழியாமல் பேணலாம். மறைந்தவர் விட்டுச்சென்ற நற்பணி ஏதேனும் பாதியில் நின்றிருந்தால் அதனை முடிக்கலாம். அவரோடு கொண்ட பிணக்கு நெஞ்சில் உறுத்துமாயின், அத்தகைய பிணக்கை உயிரோடிருப்பவர் எவரிடத்தும் மறுநாள் வரை வளர விடாமல் இருக்கலாம். அண்டை வீட்டில் சாவு நேர்ந்தால் ஆறுதல் மொழிகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டு சென்று, ஒரு நாழிகை உடனிருந்தால் போதும். துயருற்றவர் அதனை நெடுநாள் மறவார்.

மோனிக்காவின் கதைக்கு ஒரு முடிவுரை உண்டு. அகுஸ்தீனார் தம் நூலைப் படிப்பவர் அனைவரையும் நோக்கி, இறைவன் பீடத்தருகே என் பெற்றோரையும் நினையுங்கள் என்று வேண்டிக்கொண்டார். ஒரு மகனின் நினைவு தனக்குப் போதும் என்று கேட்ட தாய்க்கு, அவ்வேண்டுகோளால் எண்ணற்றவரின் நினைவு கிடைத்தது. அவர் மறைந்து 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அவர் கண்டிராத நாடுகளில், அவர் கேட்டிராத மொழிகளில் அவர் பெயர் வழங்குகின்றது. மாந்தர் எழுப்பிய கற்கள் காலத்தால் தேயும். ஒருவர் நெஞ்சில் ஊன்றிய அன்பு, அந்நெஞ்சிலிருந்து மற்றொரு நெஞ்சுக்குச் சென்று வாழ்கிறது. நீத்தாரை நினைப்பது என்பது அவர் தந்த அன்பை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே ஆகும்.